பிரேக் மிதித்தால் மங்கும் இடப்புறப் பின்விளக்கு: பல்ப் மாற்றியும் தீரவில்லை

கேள்வி

வணக்கம். என்னிடம் இருப்பது இரண்டு இருக்கைகள் கொண்ட, சற்றுப் பழைய ஸ்போர்ட்ஸ் கார். அடிச்சட்டம் அலுமினியம், உடல் பேனல்கள் கண்ணாடியிழை. பின்விளக்குகள் எல்.இ.டி. அல்ல, சாதாரண பல்புகள்தாம். டெயில் லைட்டுக்கும் பிரேக் லைட்டுக்கும் ஒரே பல்பில் 5 வாட், 21 வாட் என இரண்டு இழைகள் உள்ளன. இண்டிகேட்டருக்கு 21 வாட் பல்ப் தனியாக உள்ளது.

சில வாரங்களாக இடப்புறப் பின்விளக்கு அவ்வப்போது கோளாறு செய்கிறது. பார்க்கிங் லைட்டைப் போட்டால் டெயில் லைட் வழக்கம்போல எரிகிறது. ஆனால் பிரேக்கை மிதித்தால் ஒளி கூடுவதற்குப் பதிலாகக் குறைந்துவிடுகிறது. அதே நேரத்தில் இண்டிகேட்டரைப் போட்டால், டெயில் லைட்டும் சேர்ந்து விட்டுவிட்டு எரிகிறது. வலப்புற விளக்கும் நடுவிலுள்ள உயர் பிரேக் லைட்டும் அப்போது சரியாகவே எரிகின்றன. விளக்கின் அருகே கையால் தட்டினாலோ, டிக்கி மூடியைச் சற்று ஓங்கிச் சாத்தினாலோ எல்லாம் சரியாகிவிடும். மேடுபள்ளமான சாலையில் சிறிது தூரம் ஓடிய பிறகு மறுபடியும் தொடங்கிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டிக்கி மூடியில் உள்ள நம்பர் பிளேட் விளக்கு, மூடியைத் திறக்கும்போது ஒரு குறிப்பிட்ட கோணத்தில் அணைந்துவிட்டு மீண்டும் எரிகிறது. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று தெரியவில்லை.

பல்புகளைப் புதிதாக மாற்றிவிட்டேன். ஃபியூஸ்கள் நன்றாக உள்ளன. பல்பைக் கழற்றிவிட்டு, ஹோல்டரின் பிரேக் முனைக்கும் அருகிலுள்ள அடிச்சட்டத்துக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தால் 12.4 வோல்ட் காட்டுகிறது. இதைப் பார்த்த ஒரு பணிமனையில், விளக்குகளைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். பின்னால் வருபவருக்கு நான் பிரேக் பிடிப்பது தெரியாமல் போகுமே என்ற அச்சத்தில் காரை வெளியே எடுக்கவே மனம் வரவில்லை. எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று வழிகாட்டுங்கள்.

பதில் 1

வணக்கம். உங்கள் அறிகுறிகளிலேயே விடை இருக்கிறது. பிரேக்கை மிதித்தால் விளக்கு மங்குகிறது என்றால், மின்சாரம் வந்து சேர்வதில் குறையில்லை. அது திரும்பிச் செல்லும் வழி அடைபட்டிருக்கிறது. அந்தப் பக்கத்து எர்த் இணைப்பைத்தான், அதாவது மின்சாரத்தை அடிச்சட்டம் வழியாகப் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திருப்பும் இணைப்பைத்தான், முதலில் பார்க்க வேண்டும். மின்னணுப் பெட்டியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். டெயில், பிரேக், இண்டிகேட்டர் ஆகிய மூன்று இழைகளும் விளக்குக்குள் ஒரே எர்த் வயரில்தான் முடிகின்றன. அந்த வயர் அறுந்தாலோ அதன் முனை அரித்துப்போனாலோ, மின்சாரம் வேறு வழி தேடும். டெயில் இழையைக் கடந்து வந்த மின்சாரம், எரியாமல் இருக்கும் பின் இண்டிகேட்டர் இழைக்குள் புகுந்து, அதன் வயர் வழியாகவே பின்னோக்கிப் போய், முன்பக்க இண்டிகேட்டர் பல்பின் நல்ல எர்த்தை அடைந்துவிடும். 21 வாட் இழைகளின் மின்தடை 5 வாட் இழையினுடையதைவிட மிகக் குறைவு என்பதால், டெயில் லைட் ஏறக்குறைய முழு ஒளியோடு எரிவது போலவே தோன்றும். பார்ப்பவர் எல்லாம் சரி என்றுதான் நினைப்பார். பிரேக்கை மிதித்த உடனே பிரேக் இழை வழியாகவும் மின்சாரம் வந்து, மூன்று இழைகளும் சேரும் அந்தப் பொது முனையின் வோல்ட்டேஜை உயர்த்திவிடுகிறது. டெயில் இழையின் இரு முனைகளுக்கும் இடையிலான வேறுபாடு குறைவதால் அது மங்குகிறது. பிரேக் இழைக்கும் போதிய வோல்ட்டேஜ் கிடைக்காமல் அது மந்தமாகவே எரிகிறது. இண்டிகேட்டரைப் போட்டால், அது மின்சாரம் பெறும் நொடியில் அந்த மாற்று வழி அடைபடும். அணையும் நொடியில் திறக்கும். ஆகவே இண்டிகேட்டருக்கு நேர்மாறான தாளத்தில் டெயில் லைட் விட்டுவிட்டு எரிகிறது என்றால், எர்த்தைத் தவிர வேறெதையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. இருட்டில் முன், பின் இண்டிகேட்டர்களையும் டெயில் லைட்டையும் சேர்த்துக் கவனித்து, இதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

உங்கள் 12.4 வோல்ட் இந்தப் பிழையை ஏன் காட்டவில்லை என்பதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. பல்பைக் கழற்றிவிட்டு அளந்ததால் அந்த வழியில் மின்சாரம் ஓடவே இல்லை. டிஜிட்டல் மீட்டரின் உள்தடை ஏறத்தாழ 10 மெகாஓம் என்பதால், வயரில் ஒரேயொரு இழை மட்டும் மிஞ்சியிருந்தாலும் அது முழு வோல்ட்டேஜையே காட்டும். அடுத்து, மீட்டரின் கறுப்பு முனையை நீங்கள் அடிச்சட்டத்தில் வைத்தீர்கள்; சந்தேகத்துக்குரிய எர்த் வயர் உங்கள் அளவீட்டுக்குள் வரவேயில்லை.

இப்படி அளந்து பாருங்கள். பல்புகள் இடத்திலேயே இருக்கட்டும். பார்க்கிங் லைட்டைப் போட்டு, ஒருவரைப் பிரேக்கை மிதித்தபடி உட்காரச் சொல்லுங்கள். கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலேயே வையுங்கள், கிளாம்பில் அல்ல. சிவப்பு முனையை விளக்குக் கனெக்டரின் பின்புறமாக, எர்த் பின்னைத் தொடும்படி நுழையுங்கள். 0.1 அல்லது 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக உள்ளது. பிழை தோன்றும் நேரத்தில் ஒரு வோல்ட்டைத் தாண்டினால் குற்றவாளி பிடிபட்டுவிட்டது. 21 வாட் பல்ப் ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும் என்பதால், ஓர் ஓம் தடைகூட ஒன்றரை வோல்ட் அளவுக்கு விழுங்கிவிடும். இழைப் பல்புகளில் வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் ஒளி ஏறக்குறைய 30 சதவீதம் குறையும் என்பதால், இந்த இழப்பைச் சிறிதென்று எண்ண வேண்டாம். உறுதிப்படுத்த இன்னொரு எளிய வழியும் உண்டு: எர்த் பின்னிலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை ஒரு நீண்ட வயரைத் தற்காலிகமாக இணையுங்கள். இணைத்த கணமே விளக்கு தெளிவடைந்தால் விசாரணை முடிந்தது.

உங்கள் காரின் அமைப்பையும் கணக்கில் கொள்ளுங்கள். இரும்பு உடல் கொண்ட காரில் விளக்கின் எர்த்தை அருகிலுள்ள தகட்டிலேயே முடுக்கிவிடலாம். கண்ணாடியிழை மின்சாரத்தைக் கடத்தாது. 1953இல் கண்ணாடியிழை உடலுடன் கார்வெட் என்ற ஸ்போர்ட்ஸ் கார் வந்த காலம் முதல் இத்தகைய கார்களில் எர்த் வயரை உலோக அடிச்சட்டம் வரை இழுத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. வயர் நீளுகிறது, இணைப்புகள் கூடுகின்றன, பழுதாகும் இடங்களும் அவற்றோடு கூடுகின்றன. போதாததற்கு, வயர் முனையில் போல்ட்டுக்காக இருக்கும் செம்பு வளையமான கண்ணியும் அலுமினியமும் ஈரம் படும் இடத்தில் சேர்ந்திருந்தால் அலுமினியம் அரித்துப்போகும்.

பதில் 2

முதல் பதிலை முழுமையாக ஏற்கிறேன். நம்பர் பிளேட் விளக்கு மட்டும் வேறு கதை. அதை இந்த எர்த்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மூடியின் கோணத்தைப் பொறுத்து ஒரு விளக்கு அணைந்து எரிகிறது என்றால், கீலை ஒட்டிய ரப்பர் உறைக்குள் வயர் முறிந்திருக்கிறது. ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் அதே இடத்தில் மடங்கி, உள்ளே செம்பிழைகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகும். மேலே பிளாஸ்டிக் உறை ஒரு கீறல்கூட இல்லாமல் புதிதுபோல இருக்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ரப்பர் உறையை இருபுறமும் கழற்றிப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, ஒவ்வொரு வயரையும் இரு விரல்களால் பிடித்து மெதுவாக இழுங்கள். செம்பு முழுமையாக இருந்தால் வயர் விறைப்பாக நிற்கும். உள்ளே அறுந்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் உறை ரப்பரைப்போல நீண்டு மெலியும், விரலுக்கே தெரிந்துவிடும்.

உயர் பிரேக் லைட்டின் வயரும் மூடியில்தான் இருக்கிறது என்றால் அதுவும் இதே உறைக்குள் வருகிறது. இன்று எரிகிறது என்பதற்காக அதை விட்டுவிடாதீர்கள். நம்பர் பிளேட் வயர் மடங்கிய அளவுக்கு அதுவும் மடங்கியிருக்கிறது.

பழுது பார்க்கும் முறையில் பலரும் சறுக்குகிறார்கள். அறுந்த இடத்திலேயே ஈயம் வைத்து ஒட்டினால், உருகிய ஈயம் செம்பிழைகளுக்கிடையே ஊறிச் சென்று வயரை விறைக்கச் செய்யும்; பிறகு அந்த விறைப்பு முடியும் விளிம்பிலேயே வயர் மறுபடியும் முறியும். மடங்கும் பகுதி முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டு, நுண்ணிழைகள் நிறைந்த, பழையதற்குக் குறையாத தடிமனுள்ள புது வயரைப் போடுங்கள். ஜாயின்ட்டுகள் இரண்டும் கீலைத் தாண்டி, அசையாத இடத்தில் இருக்க வேண்டும். கிரிம்ப் செய்து, அதாவது உலோக இணைப்பியை வயரின் மேல் நசுக்கி இறுக்கி, உள்ளே பசை பூசிய வெப்பச்சுருக்கக் குழாயால் மூடுங்கள். மூடி முழுவதும் திறந்த நிலையிலும் வயர் இறுக்கமாக நிற்காதபடி கொஞ்சம் தளர்வு விடுங்கள்.

பதில் 3

மின்னணுப் பெட்டியை மாற்றும் யோசனை பற்றி மட்டும் சொல்கிறேன். பெட்டியிலிருந்து வெளியேறும் பிரேக் வயரில், விளக்கு எரியும் நிலையில், பேட்டரி நெகட்டிவை வைத்து அளந்தால் முழு வோல்ட்டேஜ் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் பெட்டி தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். சில கார்களில் டெயில் லைட்டுக்கு மின்சாரம் துடிப்புகளாக அனுப்பப்படும். அங்கே மீட்டர் சராசரியைத்தான் காட்டும் என்பதால், குறைந்த எண்ணைக் கண்டு பெட்டி கெட்டுவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது. பிரேக் சுவிட்சும் சரியாகவே இருக்கிறது. இல்லையென்றால் வலப்புறமும் நடுவிளக்கும் எரிந்திருக்காது.

பல்புக்குப் பதிலாக எல்.இ.டி. போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது இழுக்கும் மின்சாரம் குறைவு என்பதால், கெட்ட எர்த்திலும் ஓரளவு எரிந்து பிழையை மறைத்துவிடும், தடை வளர்ந்துகொண்டேயிருக்கும். பழுது தீரும்வரை காரை வெளியே எடுக்காமல் இருக்கும் உங்கள் முடிவு மிகச் சரியானது.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னபடியே அளந்தேன். வலப்புறம் 0.05 வோல்ட். இடப்புறம் முதலில் 0.3 காட்டியது, வயர்க்கட்டை அசைத்தபோது 3.8 வரை ஏறியது, அதே நொடியில் பிரேக் லைட் மங்கியது. இருட்டில் பார்த்தபோது, இண்டிகேட்டர் அணையும்போது டெயில் லைட் எரிந்தது. அது எரியும்போது இது அணைந்தது.

எர்த் வயரைப் பின்தொடர்ந்து சென்றால், சக்கரத்துக்கு மேலே உள்ளே ஒரு போல்ட்டில் கண்ணி முடிகிறது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு அந்த போல்ட்டை அவிழ்த்தேன். கண்ணியின் அடியில் வெள்ளைப் பொடி அப்பியிருந்தது. வயர் கண்ணிக்குள் நுழையும் இடத்தில் செம்பு பச்சை பூத்து, பாதி இழைகள் தொட்டதுமே உதிர்ந்தன. அடிச்சட்டத்தில் கண்ணி அமரும் இடத்தின் ஒரு பாதியில் பெயின்ட் அப்படியே இருந்தது. கீல் உறைக்குள் நம்பர் பிளேட் வயர் நீங்கள் சொன்னதுபோலவே இழுத்தவுடன் நீண்டது. உயர் பிரேக் லைட்டின் வயரும் ஓரிடத்தில் மெலிந்திருக்கிறது, இரண்டையும் மாற்றிவிடுகிறேன்.

எர்த் இணைப்பை மீண்டும் அரிக்காதபடி எப்படிப் பொருத்துவது? கிரீஸ் தடவலாமா, அது மின்சாரத்தைத் தடுத்துவிடாதா? பல்ப் ஹோல்டரிலும் ஏதேனும் செய்ய வேண்டுமா?

பதில் 1

நீங்கள் கண்டதைப் படிக்க நிறைவாக இருக்கிறது. வயரில் பச்சை எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். செம்பு பளிச்சென்று தெரியும் இடம் வரை வெட்டிவிட்டு, அங்கிருந்து புதுத் துண்டை இணையுங்கள். கண்ணி வெறும் செம்பாக இல்லாமல் வெள்ளீயம் பூசியதாக இருக்கட்டும். அலுமினியத்தோடு அது அவ்வளவு பகைக்காது.

அலுமினியத்தைச் சுரண்டிய உடனேயே அதன் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் மீண்டும் உருவாகத் தொடங்கும். அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே பெயின்ட்டை முழுவதுமாக நீக்கி, உலோகம் மின்னும்வரை தேய்த்து, தாமதிக்காமல் அலுமினிய இணைப்புகளுக்கான ஆக்சைடு தடுப்புப் பசையை மெல்லப் பூசி, பல்லுள்ள வாஷருடன் முடுக்குங்கள். பாதுகாப்புப் பூச்சை முடுக்கிய பிறகு மேலே பூச வேண்டும்; அடியில் பெயின்ட் இருந்ததால்தான் இவ்வளவும் நடந்தது.

கனெக்டருக்கான சிலிகோன் கிரீஸ் மின்சாரத்தைக் கடத்தாது என்பது உண்மை. ஆனால் உலோகமும் உலோகமும் அழுத்தமாகச் சேரும் இடத்தில் அது விலகி வழிவிடும். சுற்றிலும் நின்று ஈரத்தைத் தடுக்கும். மெல்லிய பூச்சு போதும். பின்கள் தளர்ந்திருந்தால் கிரீஸ் உதவாது. முதலில் பெண் பின்னை (மற்ற பின் உள்ளே நுழையும் துளையுள்ள பின்) இறுக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும்.

ஹோல்டரைப் பொறுத்தவரை, பல்பின் அடியைத் தாங்கும் பித்தளை நாக்குகள் அழுத்தமாக மேலெழுகின்றனவா என்று பாருங்கள். விறைப்பான சஸ்பென்ஷன் கொண்ட கார்களில் அதிர்வால் அந்த நாக்கும் பல்பும் ஓயாமல் உரசி, கருமையான படலம் படியும். கான்டாக்ட் கிளீனரால் துடைத்தாலே போகும். பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தால் ஹோல்டரை மாற்றிவிடுங்கள். வலப்புற எர்த்தையும் ஒரு முறை அவிழ்த்துப் பாருங்கள், இன்று 0.05 காட்டினாலும், அதே நீரும் சேறும் அங்கேயும் தெறித்திருக்கும்.

வேலை முடிந்ததும் நிறுத்திய இடத்திலேயே அளந்துவிட்டு விட்டுவிடாதீர்கள். மேடுபள்ளமான சாலையில் ஓட்டி, சைலன்சரின் சூடு பின்பக்கம் முழுவதும் ஏறிய பிறகு, பிரேக்கையும் இண்டிகேட்டரையும் சேர்த்துப் போட்டு, வயர்க்கட்டை அசைத்தபடி அதே இரு முனைகளில் மறுபடியும் அளந்து பாருங்கள். இடப்புறமும் வலப்புறத்தைப்போல 0.05க்கு அருகில் அசையாமல் நின்றால், பேனலை மூடிவிடலாம்.