மின்ட் 22: ஸ்பீக்கரில் சத்தமே இல்லை, சவுண்டு ட்ரைவர் எங்கே கிடைக்கும்?

புதுமின்ட்:
எட்டு வருடப் பழைய அசெம்பிள்டு கணினி. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டதால் போன வாரம் லினக்ஸ் மின்ட் 22க்கு மாறினேன். மற்றதெல்லாம் ஓடுகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. பாட்டுப் போட்டால் திரையில் அளவுப் பட்டை குதிக்கிறது, ஸ்பீக்கர் ஊமையாக உட்கார்ந்திருக்கிறது. பின்பக்கப் பச்சை ஜாக்கில்தான் செருகியிருக்கிறேன். மதர்போர்டில் இருப்பது ரியல்டெக் ஏஎல்சி887 ஒலிச் சிப். இணையத்தில் எங்கோ கிடைத்த பழைய ட்ரைவர் தொகுப்பை இறக்கிக் கம்பைல் செய்து பார்த்தேன், பக்கம் பக்கமாகப் பிழை. விண்டோஸில் இதே ஸ்பீக்கர் அலறியது, ஆக வன்பொருளில் கோளாறு இல்லை. சரியான ட்ரைவர் எங்கே இருக்கிறது?

பழைய கர்னல்:
எங்கேயும் தேட வேண்டாம், அது ஏற்கனவே உங்களிடம் இருக்கிறது. முதலில் அந்தப் பழைய தொகுப்பை அழித்துவிடுங்கள். லினக்ஸில் சவுண்டு ட்ரைவர் கர்னலோடு, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியோடு, வருகிறது. 2003 டிசம்பரில் 2.6 கர்னல் வந்தபோதே ஓஎஸ்எஸ் என்ற பழைய ஒலி அமைப்பை ஓரங்கட்டிவிட்டு அல்சா என்ற புதியது உள்ளே வந்தாயிற்று. உங்கள் சிப்புக்கான ட்ரைவரின் பெயர் எஸ்என்டி-ஹெச்டிஏ-இன்டெல். பெயரில் இன்டெல் இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், ஏஎம்டி போர்டுக்கும் அதுதான். முனையத்தில் ‘ஏபிளே -எல்’ அடியுங்கள், எல் சின்ன எழுத்து. அதில் ஏஎல்சி887 அனலாக் என்று ஒரு வரி வந்தால் ட்ரைவர் பேச்சு அத்தோடு முடிந்தது. சத்தம் வேறு வாசலில் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

சலித்தவன்:
வந்துவிட்டார்கள். ‘ட்ரைவர் பிரச்சினை இல்லை’ என்பதை லினக்ஸ்காரர்கள் மந்திரம் மாதிரி சொல்வதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. என் லேப்டாப்பில் ‘டம்மி அவுட்புட்’ என்று மட்டும், அதாவது ஒலிச் சாதனமே கிடைக்கவில்லை என்று, காட்டியது. இதே போல ஒருவர் மிக்சரைத் திற, மியூட்டை எடு என்று இரண்டு நாள் அலைக்கழித்தார். கடைசியில் பார்த்தால் ஒலிச் சிப்புக்குள் ஏற்ற வேண்டிய சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர் கோப்பே வட்டில் இல்லை. அது இல்லாமல் ட்ரைவர் ஏறவே ஏறாது. டெபியன் என்ற லினக்ஸின் 12ஆம் பதிப்பு வரும்வரை, அதாவது 2023 வரை, அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் இந்த மாதிரி ஃபர்ம்வேர்களைச் சேர்க்கக்கூட மாட்டார்கள், கொள்கையாம். கேட்பவர் ட்ரைவர் என்கிறார் என்றால் அதைக் கொஞ்சமாவது நம்புங்கள்.

பழைய கர்னல்:
உங்கள் கதை உண்மைதான், ஆனால் அது லேப்டாப். புதிய இன்டெல் லேப்டாப்களில் உள் மைக்குகள் டிஎஸ்பி என்ற தனி ஒலிச் செயலி வழியாகப் போவதால் அந்த ஃபர்ம்வேர் வேண்டும். டிஎஸ்பி-ட்ரைவர்=1 என்று கட்டாயப்படுத்திப் பழைய ட்ரைவருக்கு இறக்கினால் ஸ்பீக்கர் பேசும், உள் மைக் காணாமல் போகும். அப்புறம் ‘மீட்டிங்கில் என் குரல் கேட்கவில்லை’ என்று இன்னொரு கேள்வி வரும். இவருடையது எட்டு வருட டெஸ்க்டாப் போர்டு, இதற்கு அந்த ஃபர்ம்வேர் தேவையே இல்லை. அவரிடம் டம்மி அவுட்புட்டும் இல்லை, பட்டை குதிக்கிறது என்கிறார்.

ராத்திரி ரேடியோ:
‘ஆடியோ’ குழுவில் உங்கள் பயனரைச் சேர்த்தால் சரியாகிவிடும். அப்படியும் வராவிட்டால் நிரல்களின் ஒலியைக் கார்டுக்கு அனுப்பும் பைப்வயரைத் தூக்கிவிட்டு வெறும் அல்சாவில் ஓட்டுங்கள், நடுவில் இந்தச் சர்வரெல்லாம் எதற்கு?

பழைய கர்னல்:
ஐயா, தயவுசெய்து இரண்டையும் செய்ய வைக்காதீர்கள். உள்ளே நுழைந்த பயனருக்கு ஒலிச் சாதனத்தின் அனுமதியை, லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி தானாகவே தருகிறது. குழுவில் சேர்த்தால், வீட்டில் இன்னொருவர் தன் கணக்கில் நுழையும்போது உங்கள் கணக்கு கார்டைப் பிடித்துக்கொண்டு விடாது. பைப்வயரைத் தூக்கினால் புளூடூத் ஹெட்செட்டுக்குத் தனியாக மல்லுக்கட்ட வேண்டும். 2008ல் உபுண்டு 8.04ல் பல்ஸ்ஆடியோ என்ற பழைய ஒலிச் சர்வர் வந்தபோது நானும் அதைப் பிடுங்கி எறிந்தவன்தான், அன்றைக்கு அதற்குக் காரணம் இருந்தது. பைப்வயர் அப்படியில்லை. ஃபெடோரா 34ல் 2021லேயே இயல்பாக வந்துவிட்டது, அடுத்த வருடம் உபுண்டு 22.10ல் வந்தது.

புதுமின்ட்:
‘ஏபிளே -எல்’ கொடுத்தேன். கார்டு 0 ஹெச்டிஎம்ஐ, மூன்று வரி. கார்டு 1 ஏஎல்சி887 அனலாக். சவுண்டு அமைப்பில் ஹெச்டிஎம்ஐ தேர்வாகி இருந்தது, என் மானிட்டரில் ஸ்பீக்கரே கிடையாது! அனலாக்குக்கு மாற்றிவிட்டேன். அப்படியும் சத்தம் இல்லை. ‘ஹெட்போன்ஸ்’ என்று காட்டுகிறது, ஆனால் நான் ஹெட்போன் எதையும் செருகவில்லை.

சலித்தவன்:
பார்த்தீர்களா, ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்குச் சத்தத்தை அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு மனிதர் முனையத்தில் கட்டளை அடிக்க வேண்டும். இதற்குப் பெயர் ட்ரைவர் பிரச்சினை இல்லை என்றால் வேறு என்ன பெயர் வைப்பதாக உத்தேசம்?

பழைய கர்னல்:
மானிட்டர் ‘எனக்கு ஒலி வரும்’ என்று கேபிள் வழியே சொன்னால் கணினி நம்பத்தான் செய்யும். அதை விடுங்கள், ஹெட்போன் என்று காட்டுவதுதான் முக்கியமான தகவல். முனையத்தில் அல்சாமிக்சரைத் திறந்து எஃப்6 அழுத்தி ஏஎல்சி887 கார்டைத் தேர்ந்தெடுங்கள். வலது பக்கம் போய்க்கொண்டே இருந்தால் ‘ஆட்டோ-மியூட் மோட்’ என்று ஒன்று வரும். முன்பக்க ஜாக்கில் ஹெட்போன் இருப்பதாகச் சிப் நினைத்தால் பின்பக்க ஸ்பீக்கரை அடைத்துவிடும், அதற்கான வசதி அது. டிஸேபிள்டு ஆக்குங்கள். வழியில் எந்தப் பட்டைக்குக் கீழாவது எம்எம் என்று இருந்தால் எம் விசையை அழுத்தித் திறந்துவிடுங்கள். பிறகு சவுண்டு அமைப்பில் ‘லைன் அவுட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இது வேலை செய்தால் முன்பக்க ஜாக்கைக் கொஞ்சம் பாருங்கள், உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங் தகடு சிக்கியிருக்கலாம்.

புதுமின்ட்:
வந்துவிட்டது!! அரை மணி நேரமாகப் பாட்டு ஓடுகிறது, பக்கத்து வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். ஒன்று மட்டும் புரியவில்லை. ஜாக்தான் கெட்டிருக்கிறது என்றால் விண்டோஸில் மட்டும் எப்படிப் பாடியது?

சலித்தவன்:
நான் சொல்கிறேன். விண்டோஸில் ரியல்டெக் ஹெச்டி ஆடியோ மேனேஜர் என்று ஒரு பலகம் வரும். அதில் ‘முன்பக்க ஜாக் கண்டறிதலை நிறுத்து’ என்று ஒரு தேர்வுப் பெட்டி இருக்கும். கணினியை அசெம்பிள் செய்து கொடுத்தவரோ வேறு யாரோ என்றைக்கோ அதில் டிக் போட்டிருப்பார்கள். அந்தப் பலகம் வருவது எதோடு? ட்ரைவரோடு. ஆக இவர் முதல் நாளே சொன்னது சரி.

பழைய கர்னல்:
அதே தேர்வுதான் அல்சாமிக்சரிலும் இருக்கிறது, இப்போது அவர் மாற்றியதே அதைத்தான். ட்ரைவர் இல்லாமலா மாறியது?

சலித்தவன்:
கறுப்புத் திரையில் எஃப்6 தட்டி, வலது பக்கம் நகர்ந்துகொண்டே போய், யாருமே பார்க்காத மூலையில் இருக்கிறது. மின்ட்டின் சவுண்டு அமைப்பில் இதற்கு ஒரு பொத்தான் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

பழைய கர்னல்:
குறையாது. அந்தப் பொத்தான் இருக்க வேண்டும், இதில் உங்களோடு சண்டை இல்லை. என் சண்டையெல்லாம் ‘ட்ரைவர் போடு’ என்று அனுப்பி வைப்பதோடுதான். அதை நம்பித்தான் அவர் எந்தக் காலத்துத் தொகுப்பையோ கம்பைல் செய்துகொண்டிருந்தார். புதுமின்ட், கணினியை மூடுமுன் ‘சுடோ அல்சாசிடிஎல் ஸ்டோர்’ கொடுத்துவிடுங்கள், ஆட்டோ-மியூட் மாற்றம் சேமிக்கப்பட்டுவிடும்.

புதுமின்ட்:
கொடுத்தேன், ரீஸ்டார்ட் செய்தும் பார்த்தேன், மாற்றம் அப்படியே இருக்கிறது. பழைய ஹெட்போன் பின்னை முன்பக்க ஜாக்கில் பத்துப் பன்னிரண்டு முறை செருகி எடுத்ததில் இப்போது ‘ஹெட்போன்ஸ்’ என்று காட்டுவதும் போய்விட்டது. முன்பக்க மைக் கரகரக்கிறது, அதைத் தனி இழையில் கேட்கிறேன். நீங்கள் இருவரும் தொடருங்கள்.