தமிழ்ப் பாடம்: சேர்த்து நடத்துவதா, பிரித்து நடத்துவதா? (6 முதல் 8ஆம் வகுப்பு வரை)

பொருநைக்கரையான்:
திருநெல்வேலிப் பக்கம் ஒரு நடுநிலைப்பள்ளியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். திங்கள் செய்யுள், செவ்வாய் உரைநடை, புதன் இலக்கணம், வெள்ளி கட்டுரை என்று வாரத்தைக் கூறுபோடுவதை இந்த வருடம் விட்டுவிட்டேன். ஒரு பொருளை எடுத்தால் இரண்டு, மூன்று வாரம் அதையே பேசுகிறோம், வாசிக்கிறோம், எழுதுகிறோம். இலக்கணமும் அதற்குள்ளேயே வருகிறது. சொல்லப்போனால் 2018இல் வந்த ஆறாம் வகுப்புப் புத்தகமே அப்படித்தான் இருக்கிறது. ஒவ்வோர் இயலும் ஒரு பொருளைச் சுற்றிக் கவிதைப்பேழை, உரைநடை உலகம், விரிவானம், கற்கண்டு என்று போகிறது. அதைப் பிரித்துப்போட்டு நடத்துகிறவர்கள் நாம்தான்.

போன மாதம் ஏழாம் வகுப்பில் பத்தமடைப் பாயை எடுத்தோம். சில பிள்ளைகளின் வீட்டிலேயே பாய் நெய்கிறார்கள். கோரையை எப்படி ஊறப்போடுவது, கிழிப்பது, சாயம் ஏற்றுவது என்று வீட்டில் கேட்டுவந்து சொன்னார்கள். ஒருத்தி சொன்னதை அப்படியே பலகையில் எழுதினேன்: "உம்மா கோரைய தண்ணில ஊறப்போட்டு கிழிப்பாவ." இதைப் புத்தகத்தில் அச்சடிப்பதானால் எப்படி எழுத வேண்டும் என்று கேட்டேன். கோரைய, கோரையை ஆனது. தண்ணில, தண்ணீரில் ஆனது. கிழிப்பாவ, கிழிப்பார்கள் ஆனது. உம்மாவை மாற்ற மட்டும் அவள் சம்மதிக்கவில்லை; எனக்கும் மாற்ற மனசில்லை. கோரையை, தண்ணீரில் இரண்டுக்கும் நடுவில் ஒரு த் போட்டேன். "அது எதுக்கு சார்?" என்றான் கடைசி பெஞ்சுக்காரன். இரண்டாம் வேற்றுமையை அங்கே தொடங்கினேன்.

இந்த முறையில் ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பாளை வாத்தியார்:
ஆட்சேபம் இருக்கிறது தம்பி. முதலில் அந்த வாக்கியத்தையே முடியுங்கள். "ஊறப்போட்டுக் கிழிப்பார்கள்" என்றல்லவா வர வேண்டும்? வன்தொடர்க் குற்றியலுகரத்தில் முடிகிற வினையெச்சத்துக்குப் பின்னாலும் வல்லினம் மிகும். அந்தக் க் எங்கே?

நான் ஓய்வு பெற்றவன். படைப்பாற்றல் கல்வி என்று ஒன்று வந்த காலத்தில் பணியில் இருந்தேன். பாடத்தைப் பிள்ளைகளே வாசித்து, மனவரைபடம் போட்டு, தொகுத்து எழுத வேண்டும். ஏட்டில் நல்ல யோசனைதான். அதிகாரி பார்வையிட வருகிற அன்று எல்லா நோட்டிலும் ஒரே மனவரைபடம் இருக்கும், பலகையில் இருந்ததை எழுத்துப் பிசகாமல் பார்த்து வரைந்தது. குழு வேலை என்றால் ஒருத்தன் எழுதுவான், மிச்சம் நாலு பேர் சார்ட்டுக்கு ஓரம் கட்டுவார்கள்.

அது கிடக்கட்டும். பாயில் உங்களுக்கு இரண்டாம் வேற்றுமை கிடைத்தது, சரி. யாப்பு எந்தப் பாயில் கிடைக்கும்? எந்த வீட்டில் போய்க் கேட்டுவரச் சொல்வீர்கள்?

பொருநைக்கரையான்:
அண்ணாச்சி, அந்தக் க்-ஐ அன்றைக்கு வேண்டுமென்றுதான் விட்டேன். ஒரு வாக்கியத்தில் நாலு திருத்தம் போட்டால் பிள்ளை நாலையும் மறந்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு விதி. ஆண்டுக்கான இலக்கணப் பட்டியல் என் நோட்டில் இருக்கிறது. எது வகுப்பில் வந்தது, எது வரவில்லை என்று குறித்துக்கொண்டு வருகிறேன். வராததை நானே கொண்டுவருவேன்.

யாப்புக்கு வருகிறேன். கோயில் கொடையில் விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்கிற பிள்ளைகளுக்கு எதுகையும் மோனையும் காதில் ஏற்கனவே இருக்கிறது. பெயர் மட்டும்தான் தெரியாது. அதிலிருந்து தொடங்குவேன். நேர், நிரை என்று அசை பிரிப்பதைப் பலகையில் போட்டுத் தனியாகத்தான் நடத்த முடியும். அதை நான் மறுக்கவே இல்லை.

பாளை வாத்தியார்:
பிழையோடு ஒரு வாக்கியம் பலகையில் நின்றால் பிள்ளை பிழையைத்தான் மனதில் ஏற்றும். இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

முக்கூடல்காரி:
நான் டீச்சர் இல்லை, பீடி சுற்றுகிறவள். மகள் ஆறாம் வகுப்பு. பேசச் சொன்னால் வெளுத்து வாங்குவாள், பள்ளிக்கூடத்தில் பரிசுகூட வாங்கியிருக்கிறாள். பாடத்தை வாசிக்கச் சொன்னால் ஒவ்வோர் எழுத்தாகத் தடவுகிறாள். கொ, கோ, கௌ எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். எட்டாம் வகுப்பு வரைக்கும் ஃபெயில் போட மாட்டார்கள், அதனால் யாரும் கண்டுகொள்ளவில்லை. இப்போது நீங்கள் பேச வைக்கிறேன், கேட்டுவரச் சொல்கிறேன் என்கிறீர்கள். என் மகள் உங்கள் வகுப்பில் நல்ல பேர் வாங்கிவிடுவாள் சார். வாசிக்க மட்டும் படிக்க மாட்டாள். காது வழியாகவே பாடம் ஏறிவிட்டால் கண்ணுக்கு எதற்கு வேலை?

தாழையூத்து இங்கிலீஷ்:
அக்கா கேட்பது சரியான கேள்வி. அமெரிக்காவில் இந்தச் சண்டை எப்போதோ நடந்தது. கென் குட்மன் என்பவர் 1967இல் வாசிப்பை ஊகிக்கும் விளையாட்டு என்று எழுதினார். அந்த வழியில் வந்த முழுமொழி முறைக்காரர்கள், எழுத்தையும் ஒலியையும் தனியாகப் பயிற்ற வேண்டாம், பிள்ளையை நல்ல கதைகளுக்கு நடுவில் விட்டால் தானே பிடித்துக்கொள்ளும் என்றார்கள். 2000இல் அந்நாட்டின் தேசிய வாசிப்புக் குழு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ஒலியையும் எழுத்தையும் முறையாகச் சொல்லிக்கொடுத்தால் பலன் உண்டு என்று அறிக்கை கொடுத்தது. அங்கே பட்ட அடியை நாம் இங்கே மறுபடி படுவானேன்?

பொருநைக்கரையான்:
இங்கிலீஷில் எழுத்து ஒரு பக்கம், ஒலி ஒரு பக்கம். தமிழில் எழுத்துக்கூட்டத் தெரிந்தால் எந்தச் சொல்லையும் வாயால் சொல்லிவிடலாம். என் வகுப்பில் பலர் அப்படித்தான் ஒரு பத்தியைக் கடகடவென்று வாசித்து முடிப்பார்கள். என்ன வாசித்தாய் என்று கேட்டால் முழிப்பார்கள். ஆறு முதல் எட்டு வரைக்கும் இதுதான் பெரிய நோய். இதற்கு எழுத்துப் பயிற்சி மருந்தாகாது.

அக்கா, உங்கள் மகளைப் போன்றவர்களுக்கு எழுத்துப் பயிற்சி கட்டாயம் வேண்டும். தினமும் தனியாக வேண்டும். நானும் சிலரை வைத்துக்கொண்டு மதியம் 20 நிமிடம் அதைத்தான் செய்கிறேன். நான் சொல்வது வேறு. எழுத்து வரும்வரை அவளை மற்ற வேலைகளில் இருந்து ஒதுக்கி வைத்தால் எழுத்து வருவதற்குள் எட்டாம் வகுப்பு முடிந்துவிடும்.

பாளை வாத்தியார்:
20 நிமிடத்தில் 216 உயிர்மெய்யா? தினமும் சொல்வதை எழுதுதல் போடுங்கள். பத்துச் சொல் போதும். நம் ஊரில் வாளப்பளம் என்று சொல்லி வாளப்பளம் என்றே எழுதுகிறார்கள். ழகரமும் ளகரமும் கையில் வந்தது எங்கள் காலத்தில் அந்தப் பத்துச் சொல்லால்தான்.

பொருநைக்கரையான்:
அண்ணாச்சி, நம் ஊரில் சொல்கிற வாத்தியார் வாயிலேயே ழ இல்லை என்றால் கேட்கிற பிள்ளை எப்படி எழுதும்? காதில் வித்தியாசம் இல்லாதபோது கண்தான் அதைப் பிடிக்க வேண்டும். வாழையையும் மழையையும் அச்சில் நூறு இடத்தில் பார்த்த பிள்ளைக்கு ள போட்டால் கண்ணை உறுத்தும். அதற்கு நிறைய வாசிப்பு வேண்டும், சொல்வதை எழுதுதல் மட்டும் போதாது.

முக்கூடல்காரி:
வாசிக்கவே வராதவளிடம் நிறைய வாசி என்றால் எப்படி சார்? வீட்டில் என்ன செய்யட்டும், அதைச் சொல்லுங்கள்.

பொருநைக்கரையான்:
நன்றாகப் பேசுவாள் என்றீர்களே, அதை வைத்தே தொடங்கலாம். இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் நடந்ததை நாலு வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள். அவள் சொன்னதைப் பெரிய எழுத்தில் எழுதி அவளையே வாசிக்கச் சொல்லுங்கள். எழுத உங்களுக்கு நேரமில்லை என்றால் அண்ணனோ அக்காவோ எழுதட்டும். பொருள் அவளுக்கே தெரியும், எழுத்தைப் பார்க்கிற வேலை மட்டும்தான் மிச்சம். பாடப்புத்தகத்தில் இரண்டையும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டியிருக்கிறது.

தாழையூத்து இங்கிலீஷ்:
தான் சொன்னது என்பதால் மனப்பாடமாக ஒப்பித்துவிடுவாள். அது வாசிப்பு ஆகாது.

பொருநைக்கரையான்:
அதனால்தான் மறுநாள் அந்தத் தாளைச் சொல் சொல்லாக வெட்டிக் கலைத்துப் போட வேண்டும். கலைந்து கிடக்கிற சொல்லை எழுத்தைப் பார்க்காமல் கண்டுபிடிக்க முடியாது. வாரக் கடைசியில் அவள் தடுமாறின எழுத்துகளை மட்டும் தனியாக எடுத்துக் கா, கி, கீ என்று வரிசை போடுங்கள்.

பாளை வாத்தியார்:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இத்தனை பேச்சு வந்திருக்காது. ஆனால் சொல்லோடு நிறுத்தாதீர்கள். உருபையும் தனியாக வெட்டுங்கள். 'பள்ளிக்கூடத்துக்கு' என்பதில் 'கு' தனித் துண்டாகக் கையில் இருந்தால் நாளைக்கு நான்காம் வேற்றுமையைச் சொல்லிக்கொடுப்பது எளிது.

பொருநைக்கரையான்:
ஆறாம் வகுப்பில் எழுத்தே தடுமாறுகிற பிள்ளைக்கு இப்போதே வேண்டாம் அண்ணாச்சி. முதலில் சொல் முழுசாகக் கண்ணில் பதியட்டும்.

பாளை வாத்தியார்:
பதிந்த பிறகு வெட்ட மனசு வராது. இப்போதே வெட்டுங்கள்.