வெவ்வேறு நீளமுள்ள ஐந்து பாய்மரப் படகுகள் ஒன்றாக இரண்டு இரவுப் பயணம் போவது எப்படி?

கரைக்காற்று (கேள்வி)

வணக்கம். எங்கள் பாய்மரப் படகுக் குழுவில் வார இறுதிகளில் சேர்ந்து கடலுக்குப் போகிறவர்கள் ஐந்து படகுக்காரர்கள். சிறிய படகு 23 அடி, பெரியது 38 அடி. பல ஆண்டுகளாகக் காலையில் கிளம்பி மாலையில் திரும்புவதோடு எங்கள் பயணம் முடிந்துவிடும். சென்ற மாதம்தான் முதன்முறையாக ஒரு கழிமுகத்தில் நங்கூரமிட்டு இரவு தங்கினோம். 15 கடல் மைல் தொலைவுதானே, நான்கு மணி நேரத்தில் போய்விடலாம் என்று எண்ணி ஐந்து படகுகளும் ஒரே நேரத்தில் கிளம்பின. ஆனால் காற்று நேர் எதிரே நின்றது. பெரிய படகுகள் இரண்டும் முன்னால் போய், கடைசிப் படகுக்காக இரண்டு மணி நேரத்துக்கும் மேல் காத்துக் கிடந்தன. சிறிய படகு மிகவும் களைத்த நிலையில் அந்தி மங்கும் வேளையில் வந்து சேர்ந்தது.

அத்துடன் முடியவில்லை. இரவு ஒன்றரை மணிக்கு ஏதோ உரசும் ஓசை கேட்டு மேலே ஏறிப் பார்த்தால், எங்களுக்கு முன்னால் நின்றிருந்த படகு நங்கூரத்தை இழுத்துக்கொண்டு பின்னோக்கி நகர்ந்து வந்து, அதன் சுக்கான் எங்கள் அணியத்துக் (படகின் முன்முனை) கம்பியில் இடித்துக்கொண்டிருந்தது. அந்தப் படகின் ஆழமானி மாலையில் 4 மீட்டர் காட்டியதாம். ஆழத்தைப் போல் ஐந்து மடங்கு என்ற விதிப்படி 20 மீட்டர் சங்கிலி விட்டிருந்தார்கள். இஞ்சினைப் பின்னோக்கி இயக்கிச் சோதித்தபோது நங்கூரம் அசையவே இல்லை என்றும் சொல்கிறார்கள். அப்படியிருந்தும் நள்ளிரவில் ஏன் பிடி விட்டது?

அடுத்ததாக இரண்டு இரவுப் பயணம் ஒன்றைத் திட்டமிட்டிருக்கிறோம். படகுகளை எப்படிச் சேர்த்துக் கொண்டுபோவது, இரவில் எப்படி நிறுத்துவது, போகலாமா வேண்டாமா என்பதை யார் முடிவு செய்வது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பழைய சுக்கான் (மறுமொழி)

நான்கு மணி நேரம் என்ற கணக்கில்தான் முதல் பிழை இருக்கிறது. பாய்மரப் படகு காற்றுக்கு நேர் எதிரே போகாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் வரைபடத்தில் தூரத்தை அளக்கும்போது அது நம் எல்லோருக்கும் மறந்துவிடுகிறது. காற்றுக்கு 45 பாகை விலகி இடமும் வலமுமாக மாறி மாறிப் போனால் 15 கடல் மைல் 21 கடல் மைலாகிவிடும். நீரோட்டமும் எதிராக இருந்தால் இன்னும் கூடும்.

அடுத்தது வேகம். நீரைப் பிளந்துகொண்டு போகும் படகின் அணியத்தில் எழும் அலை, வேகம் கூடக்கூட நீண்டுகொண்டே போய், ஒரு கட்டத்தில் படகு நீரைத் தொடும் நீளத்துக்குச் சமமாகிவிடும். அதற்கு மேல் வேகம் வேண்டுமென்றால் படகு தான் எழுப்பிய அலையின் மீதே ஏற வேண்டியிருக்கும். அந்த வேகத்தை அறிய, நீரைத் தொடும் அந்த நீளத்தை, அதாவது நீர்க்கோட்டு நீளத்தை, அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் போதும். விடை நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் வரும். உங்கள் சிறிய படகின் நீர்க்கோடு 20 அடி என்று வைத்துக்கொண்டால் 6 நாட். பெரிய படகின் நீர்க்கோடு 32 அடி என்றால் ஏறத்தாழ ஏழரை நாட். இந்த வேறுபாடு சிறிதாகத் தோன்றும். ஆனால் எதிர் அலையில் சிறிய படகு ஒவ்வோர் அலையிலும் முட்டி நின்று மூன்றரை நாட்டுக்கு இறங்கும்போது, பெரிய படகு ஐந்தரை நாட்டில் போய்க்கொண்டிருக்கும். 21 கடல் மைலைப் பெரியது நான்கு மணி நேரத்துக்குள் முடித்துவிடும். சிறியதற்கு ஆறு மணி நேரம் ஆகும். நீங்கள் காத்திருந்த இரண்டு மணி நேரம் இதுதான்.

ஆகவே ஒன்றாகக் கிளம்பாதீர்கள். ஒன்றாகப் போய்ச் சேருங்கள். சிறிய படகு முதலில் கிளம்பட்டும், பெரியவை ஒன்றரை மணி நேரம் கழித்துக் கிளம்பட்டும். பின்னால் வருகிறவர்கள் கடைசி மைல்களில் முன்னால் போனவர்களை எட்டிப் பிடிப்பார்கள். யாருக்காவது உதவி தேவைப்பட்டால் பின்னாலிருந்து வருகிற பெரிய படகு அவரைக் கடந்துதான் போக வேண்டும் என்பது இதிலுள்ள இன்னொரு நன்மை. பாதி வழியைக் கடக்க வேண்டிய நேரத்தையும், அதற்குள் கடக்காவிட்டால் எந்த மாற்று இடத்தில் ஒதுங்குவது என்பதையும் கரையிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இஞ்சினைப் போட்டுக்கொண்டு போவதில் இழுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பாய் விரித்திருந்தாலும், இஞ்சினால் உந்தப்படும் படகு 1972ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தவிர்ப்பு விதிகளின்படி இஞ்சின் படகாகவே கருதப்படும். வெறும் பாயில் வரும் நண்பருக்கு நீங்கள்தான் வழிவிட வேண்டும். பக்கத்தில் வருவது நண்பர்தானே என்று விதிகளைத் தளர்த்துகிறபோதுதான் மோதல்கள் நடக்கின்றன.

பத்துப்பாகம் (மறுமொழி)

நங்கூரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மாலையில் அந்தப் படகு நங்கூரமிட்டபோது நீர் ஏறுமுகமா, இறங்குமுகமா? நீங்கள் அதைக் குறிப்பிடவில்லை; ஆனால் விடை அதில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஐந்து மடங்கு என்பது ஆழமானி காட்டும் எண்ணுக்கு ஐந்து மடங்கு அன்று. தரையிலிருந்து அணியத்தின் உச்சி வரை உள்ள உயரத்தை, அதுவும் இரவில் நீர் மிக அதிகமாக ஏறியிருக்கும் நேரத்து உயரத்தை, கணக்கில் எடுக்க வேண்டும். ஆழம் 4 மீட்டர். நீர்மட்டத்துக்கு மேல் அணியத்தின் உயரம் 1 மீட்டர். வற்றிய நேரத்தில் நங்கூரமிட்டு, பிறகு 2 மீட்டர் நீர் ஏறியது என்றால் மொத்தம் 7 மீட்டர். அதற்கு 35 மீட்டர் சங்கிலி வேண்டும்; பெரும்பகுதி கயிறாக இருந்தால் ஏழு மடங்கு, அதாவது 49 மீட்டர். அவர்கள் விட்ட 20 மீட்டர், நீர் ஏறிய பிறகு மூன்று மடங்குக்கும் குறைவு. நங்கூரம் தரையில் பதிந்து நிற்பது இழுப்பு கிடைமட்டமாக இருக்கும் வரைதான். இழுப்பு மேல்நோக்கித் திரும்பினால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். மாலையில் செய்த சோதனை பொய்யில்லை, அது மாலை நேரத்து நீருக்கான சோதனை.

நீர் ஒரே சீராக ஏறாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், மணிக்கு 1, 2, 3, 3, 2, 1 என்ற பங்கில் ஏறும் என்பது பல இடங்களில் பொருந்தும் தோராயக் கணக்கு. மூன்றாவது, நான்காவது மணி நேரங்களில் மட்டும் பாதி ஏற்றம் நடந்துவிடுகிறது. எல்லோரும் படுக்கப் போகிற நேரமும் பெரும்பாலும் அதுவாகவே அமைகிறது.

நங்கூரம் பிடித்ததும் கரையில் ஒரே கோட்டில் தெரியும் இரண்டு பொருள்களை, ஒரு மரமும் அதற்குப் பின்னால் ஒரு கூரை முனையும் போல, குறித்துக்கொள்ளுங்கள். படகு பக்கவாட்டில் நகர்ந்தால் அந்தக் கோடு விலகிவிடும். இப்படிப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கோடுகள் வைத்துக்கொண்டால் எந்தக் கருவியையும் விட விரைவில் தெரிந்துவிடும். இருட்டிய பிறகு எல்லாத் திசையிலிருந்தும் தெரியும் வெள்ளை விளக்கு எரிய வேண்டும் என்பது தனியே சொல்ல வேண்டியதில்லை.

ஒதுங்குதுறை (மறுமொழி)

மேலே சொன்னவை எல்லாம் சரி. ஆனால் உங்கள் மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை. என் அனுபவத்தில் குழுப் பயணங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான்.

குழுவுக்கு ஒருவர் ஒருங்கிணைப்பாளராக இருக்கலாம். இடத்தையும் வானொலி அழைப்பு நேரங்களையும் அவர் முடிவு செய்யலாம். கிளம்புவதா இல்லையா என்பதை மட்டும் அந்தந்தப் படகின் தலைவர்தான் முடிவு செய்ய வேண்டும். வரவில்லை என்று ஒருவர் சொன்னால் ஏன் என்று கேட்கக் கூடாது என்பதை முதல் கூட்டத்திலேயே எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் காற்று 18 நாட் என்று அறிவிப்பு வந்தது. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் மற்ற நான்கு படகுகளும் கயிற்றை அவிழ்த்துவிட்டன என்பதற்காகவே நானும் அவிழ்த்தேன். அன்று என் படகில் மூன்று பேர் வாந்தியெடுத்தார்கள். அவர்களில் ஒருவர் பிறகு படகுப் பக்கமே வரவில்லை. மாலையில் பேசிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது, மற்றவர்களில் இருவர் நான் அவிழ்க்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார்களாம்!

காற்றின் வேகம் 12 நாட்டிலிருந்து 18 நாட்டுக்குப் போனால் ஒன்றரை மடங்குதான் கூடியது என்று தோன்றும். பாயின் மீது விழும் விசை வேகத்தின் வர்க்கப்படி கூடுவதால் அது இரண்டேகால் மடங்கு. இதோடு, அறிவிப்பில் வருவது சராசரி வேகம் என்பதையும், வீச்சுக்காற்று (இடையிடையே திடீரென வலுத்து வீசுவது) அதைவிட 40 விழுக்காடு வரை கூடலாம் என்று ஆஸ்திரேலிய வானிலைத் துறை தன் கடல் அறிக்கைகளில் எச்சரிப்பதையும் சேர்த்துப் பாருங்கள். பெரிய படகில் இருப்பவருக்கு இனிமையான காற்றாக இருப்பது, 23 அடிப் படகில் இருப்பவருக்குக் கட்டிய இடத்திலேயே பாயைச் சுருக்கிக்கொண்டு கிளம்ப வேண்டிய காற்று.

பழக்கமில்லாத விருந்தினர்களுக்கு ஒரு சொல்: குமட்டலுக்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, கிளம்புவதற்கு முன்பே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஆரம்பித்த பிறகு வயிற்றில் எதுவும் நிற்காது. முகம் வெளுத்தவரை உள்ளே படுக்க அனுப்புவதைவிட, தொடுவானம் தெரியும்படி சுக்கானைக் கையில் கொடுத்துப் பாருங்கள், பலருக்குத் தெளிந்துவிடும். விளிம்புக்குப் போய்க் குனிகிறவரைப் பாதுகாப்புக் கயிற்றில் மாட்டாமல் விடாதீர்கள்.

கரைக்காற்று

எல்லோருக்கும் நன்றி. பத்துப்பாகம் அவர்களே, குறிப்பேட்டைப் பார்த்தேன்: நங்கூரமிட்டது ஏழரை மணி, நீர் முழுவதும் வற்றியிருந்த நேரம். ஏற்றத்தின் உச்சம் ஒன்றே முக்கால் மணிக்கு. உங்கள் கணக்கு அப்படியே பொருந்துகிறது. ஒதுங்குதுறை அவர்கள் சொன்ன விதியை நேற்றே குழுவில் வைத்தேன். 23 அடிப் படகின் நண்பர்தான் முதலில் ஆமோதித்தார். இன்னும் ஒரே ஒரு ஐயம்: மாலையில் பேசிக்கொண்டிருக்க வசதியாக ஐந்து படகுகளையும் அருகருகே சேர்த்துக் கட்டலாமா?

பத்துப்பாகம்

கட்டலாம், காற்று மெலிந்திருக்கும் மாலையில் மட்டும். மிகப் பெரிய படகு மட்டும் தன் கனமான நங்கூரத்தை இட்டு நடுவில் நிற்கட்டும். மற்றவை நங்கூரமிடாமல் இடமும் வலமும் மாறி மாறி வந்து அணையட்டும். ஆளுக்கொரு நங்கூரம் இட்டால் காற்று திரும்பும்போது எல்லாக் கயிறுகளும் பின்னிக்கொள்ளும். உரசல் தாங்கும் மிதவைகளை இரு பக்கமும் தொங்கவிடுங்கள். பாய்மரங்கள் ஒரே நேர்கோட்டில் நிற்காதபடி ஒவ்வொரு படகையும் சற்று முன்னோ பின்னோ தள்ளிக் கட்டுங்கள். ஏதாவது விசைப்படகு கடந்துபோய் அலையெழுப்பினால் பக்கத்துப் படகுகள் எதிரெதிராகச் சாயும், அப்போது மரங்களின் குறுக்குக் கம்பிகள் மோதிக்கொள்ளும்.

இருட்டுவதற்கு முன் பிரிந்து, தனித்தனியே நங்கூரமிட்டுத் தூங்குங்கள். பிரிய மனம் வராது. அதற்காகவே நேரத்தை முன்கூட்டிச் சொல்லி வையுங்கள்.