பிள்ளைகளின் மிஷனரிக் காணிக்கை: அப்பா கொடுத்த நோட்டை உண்டியலில் போட்டால் போதுமா?

திங்கஞ்சூன் டீச்சர் எழுதியது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். யாங்கூனில் ஒரு சிறிய தமிழ்ச் சபையின் ஞாயிறு பள்ளியில் எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். ஐராவதி டெல்டாவில் படகில் ஊர் ஊராகப் போய் ஊழியம் செய்யும் ஒரு குடும்பத்தை எங்கள் சபை தாங்குகிறது. அவர்களுக்காக வகுப்பில் ஓர் உண்டியல் வைத்திருக்கிறோம். அது நிறையத்தான் செய்கிறது. ஆனால் அதை நிறைப்பவர்கள் பிள்ளைகள் இல்லை.

வாசலில் செருப்பைக் கழற்றும்போது அப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் பிள்ளையின் கையில் திணிக்கிறார். ஐந்து நிமிடத்தில் அது உண்டியலுக்குள் போய்விடுகிறது. பிள்ளைக்குத் தபால்காரர் வேலைதான். அதிலும் வருகிற நோட்டுகளைப் பார்க்க வேண்டுமே! இந்த ஊரில் கிழிந்த நோட்டைக் காய்கறிக்காரி வாங்கமாட்டார், பஸ்ஸிலும் வாங்கமாட்டார்கள். அப்படி வீட்டில் தங்கிப்போன, ஒட்டுப்போட்ட நோட்டுகளெல்லாம் ஞாயிற்றுக்கிழமை எங்களிடம் வந்து சேர்கின்றன. ஆண்டவர் மட்டும் எதையும் திருப்பித் தருவதில்லை என்று பெற்றோர் நினைக்கிறார்கள்போலும். ஏழை விதவையின் இரண்டு காசுகளைப் பற்றிப் பாடம் நடத்தினால், சின்னவர்களுக்குக் காசைப் பார்த்த பழக்கமே இல்லை. இங்கே புழங்குவது முழுக்க நோட்டுதான்.

சபைக் கமிட்டியில் ஒருவர், அதிகம் கொண்டுவரும் பிள்ளைக்குக் கிறிஸ்துமஸில் பரிசு கொடுக்கலாம், பெயரைப் பலகையில் எழுதலாம் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. நகைக்கடைக்காரர் மகளும் தேநீர்க் கடையில் வேலை செய்பவரின் மகனும் என் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். பரிசு யாருக்குப் போகும் என்று இப்போதே சொல்லிவிடலாம்.

இதற்கிடையில் அந்தத் தேநீர்க் கடைப் பையன் ஒரு கேள்வி கேட்டான். அவன் பக்கத்து வீட்டுப் பர்மிய அம்மா தினமும் இருட்டோடு எழுந்து சோறு வடித்து, பிக்குகள் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்கிறார். நாம் ஏன் வாரத்துக்கு ஒரு நோட்டோடு நிறுத்திக்கொள்கிறோம் என்றான். அவர்கள் புண்ணியத்துக்காகக் கொடுக்கிறார்கள், நாம் முதலிலேயே பெற்றுக்கொண்ட கிருபைக்கு நன்றியாகக் கொடுக்கிறோம் என்றேன். சரியான பதில்தான், ஆனால் அவனுக்குப் போதவில்லை. அந்த வீட்டுப் பையனும் சோற்றுப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், நான் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று கேட்டான்.

சம்பாதிக்காத பிள்ளை தன்னுடையது என்று சொல்லி எதைக் கொடுக்க முடியும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பெகுக்காரன் எழுதியது:

சகோதரி, நீங்கள் அதிகம் யோசிக்கிறீர்கள். படகுக்கு டீசல் வேண்டும், ஊழியரின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் வேண்டும். போட்டி வைத்தால் பணம் வரும். எங்கள் சபையில் வகுப்புக்கு வகுப்பு போட்டி வைத்துத்தான் சேர்க்கிறோம். எந்தப் பிள்ளையும் கெட்டுப்போகவில்லை. மனப்பான்மை வளரும் வரை ஊழியர் துடுப்புப் போட்டுக்கொண்டிருக்க முடியுமா?

மோல்மேன் பெரியவர் எழுதியது:

டீச்சரம்மா, அந்தப் பையனை எனக்குப் பிடித்துவிட்டது. அவன் கேட்பதை எங்கள் அம்மா எங்களுக்குக் கொடுத்திருந்தார். பிடி அரிசி. உலைக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனி டின்னில் போடுவது பிள்ளைகளின் வேலை. பெரியவர்கள் அதில் கை வைக்கக்கூடாது. மறந்தால் அம்மா திட்டமாட்டார். சனிக்கிழமை சாயங்காலம் டின்னைத் தூக்கிக் குலுக்கிப் பார்ப்பார், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அதைத் தலையில் சுமந்துகொண்டு கோயிலுக்குப் போக எனக்கும் தம்பிக்கும் சண்டை நடக்கும். எங்கள் தட்டுக்கு வரவேண்டிய சோறு அது என்பது எங்களுக்குத் தெரிந்தே இருந்தது.

இது எங்கள் வீட்டுக் கண்டுபிடிப்பு இல்லை. திருநெல்வேலிச் சபைகளில் இந்த வழக்கம் உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் மிசோரம் சபைகளில் 1910-இல் தொடங்கியது இன்றுவரை நடக்கிறது. அவர்கள் மிஷனரிகளை அனுப்புவதற்கு அந்த அரிசி பெரிய ஆதாரம். நம் சின் மலைச் சபைகளிலும் பார்க்கலாம். திருநெல்வேலிக்காரர்கள் 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பியபோது, ஆளும் நம்மவர், பணமும் நம் பணம் என்பதில் உறுதியாக நின்றார்கள். தமிழனுக்குக் கொடுக்கத் தெரியும் என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்று. அமெரிக்காவிலிருந்து பர்மாவுக்கு வந்த மிஷனரி ஜட்சனின் கதை நம் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும்: சிறை, விலங்கு, தலையணைக்குள் மறைத்து வைத்த மொழிபெயர்ப்பு. அவர் அரிசிக்கும் காகிதத்துக்கும் யார் பணம் கொடுத்தார்கள் என்பதை நாம் சொல்லிக்கொடுப்பதில்லை. அவரும் உடன் ஊழியர் லூத்தர் ரைஸும் பாப்டிஸ்ட் சபைப் பிரிவுக்கு மாறியதால், வேறு பிரிவைச் சேர்ந்த, தங்களை அனுப்பிவைத்த சங்கத்தின் உதவியை விட வேண்டியதாயிற்று. ரைஸ் அமெரிக்காவுக்குத் திரும்பிப்போய்க் குதிரையில் ஊர் ஊராகச் சுற்றிக் காணிக்கை சேர்த்தார். ஜட்சன் ரங்கூனில் இறங்கியது 1813 ஜூலையில். முதல் பர்மியரான மௌங் நௌ ஞானஸ்நானம் பெற்றது 1819 ஜூனில். அதுவரை கொடுத்தவர்களுக்குக் காட்ட ஒரே ஒரு ஆள்கூட இல்லை, ஆனாலும் கொடுத்தார்கள். பெகுத் தம்பி கவனிக்க: பரிசை நம்பிக் கொடுத்திருந்தால் முதல் கிறிஸ்துமஸோடு நிறுத்தியிருப்பார்கள்.

பணமாகவே வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது. 1856-இல் அமெரிக்க ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள், மைக்ரோனீசியத் தீவுகளுக்குப் போகும் மிஷனரிகளுக்காக ‘விடிவெள்ளி’ என்ற கப்பலைக் கட்ட உதவினார்கள். ஒரு பங்கு பத்து சென்ட். பங்கு எடுத்த பிள்ளைக்கு அச்சடித்த சான்றிதழ் கிடைத்தது. கப்பலில் தனக்கும் ஒரு பலகை உண்டு என்று ஏழைப் பிள்ளையும் சொல்லிக்கொண்டது. உங்கள் ஊழியருக்குத்தான் படகு இருக்கிறதே! டீசலைப் பங்காகப் பிரியுங்கள். ஒரு பங்குக்கு எந்தத் துறையிலிருந்து எந்தத் துறை வரை போகலாம் என்று ஊழியரிடம் கேட்டு, சுவரில் ஆற்றை வரைந்து காட்டுங்கள்.

சேர்ந்ததை மாதாமாதம் அனுப்பிவிடுங்கள். 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாதென்று அறிவிக்கப்பட்டபோது, கிறிஸ்துமஸுக்கு மொத்தமாகக் கொடுக்கலாமென்று எங்கள் வாலிபர் சங்கம் பெட்டியில் வைத்திருந்த மிஷனரிப் பணத்தில் பெரும்பகுதி வெறும் காகிதமானது. பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்ற சிறுவர்களுக்கு என்ன சொல்வதென்று எங்கள் போதகருக்கே தெரியவில்லை. அரிசி அப்படிச் செல்லாமல் போகாது, வண்டுதான் வைக்கும்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா எழுதியது:

பெரியவர் ஐயா சொல்வதைப் படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் இன்று யாங்கூனில் அரிசி விற்கும் விலையில், சில வீடுகளில் ஒரு கைப்பிடி எடுப்பதும் பாரம்தான். எல்லாப் பிள்ளைகளும் டின் கொண்டுவர வேண்டும் என்று டீச்சர் சட்டம் போட்டுவிட வேண்டாம். மக்கெதோனியா சபையார் வறுமையிலும் கொடுத்தார்கள் என்பது உண்மை; பவுல் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதும் உண்மை.

எங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். கிறிஸ்துமஸ் பாட்டுக்காகத் தெருத்தெருவாகப் போகும்போதும், தாத்தா பாட்டி ஆசீர்வதித்துக் கொடுக்கும்போதும் பிள்ளைகளின் கைக்குப் பணம் வருகிறது. அதை நான் வாங்கி வைத்துக்கொள்வதில்லை. செலவழிக்கவும் சேர்த்து வைக்கவும் அதிகாரம் இருந்தால்தானே கொடுப்பதற்கும் அதிகாரம் இருக்கும்! மகன் முழுவதையும் தின்று தீர்த்தான். மகள் பாதியை எடுத்து வைத்துவிட்டு, அந்த ஊழியருக்குப் பெண் குழந்தை இருக்கிறதா, அவள் எந்த வகுப்பு, மழைக்காலத்தில் எப்படிப் பள்ளிக்குப் போகிறாள் என்று கேட்டுத் துளைத்துவிட்டாள். போதகர் மூலமாக ஒரு கடிதம் வரவழைத்தோம். அதில் பாம்பு ஒன்று படகில் ஏறிய கதை இருந்தது. அதன் பிறகு மகனும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க ஆரம்பித்தான். பாம்புக்கு ஸ்தோத்திரம்!

உண்டியலை வரிசையில் கைமாற்றாதீர்கள். அது நெருங்கும்போது எதுவும் கொண்டுவராத பிள்ளை செருப்புக் கட்டும் சாக்கில் வெளியே போய்விடும், நான் பார்த்திருக்கிறேன். கதவுக்குப் பக்கத்தில் ஓரமாக வைத்துவிடுங்கள். வலதுகை கொடுப்பது இடதுகைக்குத் தெரியக்கூடாது என்றால், பக்கத்துப் பெஞ்சுக்குத் தெரிய வேண்டிய அவசியம் என்ன?

திங்கஞ்சூன் டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. உண்டியல் கதவோரம் போய்விட்டது. ஆற்றுப் படம் வரைந்தாகிவிட்டது, துறைகளின் பெயர்களைப் பிள்ளைகளே எழுதினார்கள். எழுத்துப்பிழைகளை நான் திருத்தவில்லை. டீசல் பங்கை மிகச் சிறிய நோட்டுக்கும் எட்டும்படி வைத்திருக்கிறோம். பங்கு எடுத்தவர்களின் பெயர்ப் பட்டியல் கிடையாது. படகு எதுவரை போயிற்று என்பதை மட்டும் குறிக்கிறோம். கிழிந்த நோட்டை உண்டியலில் போடக்கூடாது என்று நான் சொல்லவே இல்லை. இந்த நோட்டுக்கு டீசல்காரர் டீசல் கொடுப்பாரா என்று நகைக்கடை வீட்டு மகள் தன் அப்பாவிடமே கேட்டாளாம். அடுத்த வாரம் புது நோட்டு வந்தது.

பிடி அரிசி, விரும்பும் வீடுகளுக்கு மட்டும். தேநீர்க் கடையில் வேலை செய்பவரின் மகன் அம்மாவிடம் கேட்டுவிட்டுப் பால் டின் ஒன்றைக் கழுவிக் கொண்டுவந்து, அதன்மேல் என் கையால் வசனம் எழுதி வாங்கிப் போனான். பாதி டின்தான் வருகிறது. அவன் அதைத் தருவதற்கு வகுப்பு தொடங்கும் முன்பே வந்து நிற்கிறான்.

அரிசியை டெல்டாவுக்கு அனுப்புவது, நெல் விளையும் ஊருக்கு நெல் அனுப்புவதாகிவிடும். ஆகவே மாதக் கடைசி ஆராதனைக்குப் பிறகு சபையிலேயே ஏலம் விட்டு, பணத்தை அனுப்புகிறோம். ஏலம் கூறும் வேலையைப் பரிசுத் திட்டம் சொன்ன கமிட்டி ஐயாவிடம் கொடுத்திருக்கிறோம். போட்டியைப் பெரியவர்களுக்குள் வைத்துக்கொள்ளட்டும். முதல் மாதமே, கடையில் வாங்கும் விலையைப்போல மூன்று மடங்குக்கு அந்தப் பால் டின்னை அவரே ஏலம் எடுத்துக்கொண்டு போனார்.