கீழே கடை, மேலே வீடு: குரோம்பேட்டையில் பழைய ஃப்ளாட்டை இடித்துக் கட்ட கையெழுத்துப் போடலாமா?

மூணாவதுமாடி:
குரோம்பேட்டை ஸ்டேஷனுக்குக் கிழக்கே, ராதா நகர் பக்கம் இருக்கோம். 5 கிரவுண்டில் 18 வீடு, 1994-ல கட்டினது. லிஃப்ட் கிடையாது. பால்கனி சிலாப்பில் கம்பி வெளியே தெரியுது. இப்ப ஒரு பில்டர் வந்திருக்கார். இடிச்சுட்டு ஸ்டில்ட்டும் (கார் நிறுத்த, தூண் மட்டும் வெச்ச தரைத்தளம்) அஞ்சு மாடியுமா கட்டித் தர்றாராம். ரோட்டைப் பார்த்த பக்கம் தரைத்தளத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட், ஒரு கிளினிக். எங்களுக்குப் பழசைவிடக் கொஞ்சம் பெரிய வீடு, கட்டி முடிக்கிற வரை வாடகை.

என் கணவர் போடு கையெழுத்துன்னு நிக்கிறார். எனக்குத்தான் மனசு வரலை. எங்களுது முப்பதடி ரோடு. காலையில் ஸ்கூல் வேன் ரெண்டு எதிரெதிரே வந்தாலே ஒண்ணு ரிவர்ஸ் எடுக்கணும். அடுத்த தெருவில் இப்படித்தான் ஒரு கட்டடம் வந்தது. கார் ஏறுறதுக்குன்னு கிரானைட்டில் சரிவு போட்டு, மழைநீர் வடிகால் மூடியையும் தாண்டி ரோட்டுக்குள்ள ரெண்டடி நீட்டிட்டாங்க. மீதி இடத்தில் கடைக்கு வர்றவங்க பைக். என் மாமியார் குமரன்குன்றம் கோயிலுக்குப் போறப்ப அந்த இடத்தில் மட்டும் நடு ரோட்டில் இறங்கித்தான் நடக்கணும். மழைன்னா அந்த கிரானைட் வழுக்கும் வேற.

டிராஃபிக்கைக் காரணம் காட்டி நான் மறுக்க முடியுமா? இல்லை, ஒப்பந்தத்தில் எதையாவது எழுதி வாங்கலாமா?

டிராயிங்போர்டு:
மேடம், நான் ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். முதல்ல கணக்கு. 5 கிரவுண்டுன்னா 12,000 சதுர அடி. மனை அளவைப் போல எத்தனை மடங்கு கட்டலாம்ங்கிறதுதான் எஃப்எஸ்ஐ. பழைய விதியில் அது 1.5, அதாவது 18,000 அடி கட்டலாம். 2019 தமிழ்நாடு கட்டட விதிகள்ல அது 2, அதனால 24,000. ரோடு 9 மீட்டருக்குக் குறையாம இருந்தா, பணம் கட்டி இன்னும் 30 சதவீதம் பிரீமியம் எஃப்எஸ்ஐ வாங்கலாம். மொத்தம் 31,200. பில்டர் உங்க வாசல்ல வந்து நிக்கிறது இந்த வித்தியாசத்துக்காகத்தான். உங்க சர்வே எண் எந்த மண்டலத்தில் வருது, அங்கே எவ்வளவு கடைக்கு அனுமதின்னு சிஎம்டிஏ-வில் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) பார்த்துடுங்க.

தனியா மறுத்துப் பலன் இருக்காது. 2022 அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டப்படி மூணில் ரெண்டு பங்கு பேர் சம்மதிச்சா போதும். உங்க கணக்கில் 12 பேர். அதனால நிபந்தனை பேசறதுதான் புத்திசாலித்தனம்.

ரோட்டில் நடந்து போற விஷயத்துக்கு வர்றேன். இந்திய சாலைக் காங்கிரஸ் வழிகாட்டியில் நடைபாதைக்குக் குறைஞ்சது 1.8 மீட்டர் அகலம் வேணும், உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. முப்பதடி ரோட்டில் ரெண்டு பக்கமும் அதுக்கு இடம் ஏது? உங்க முன்பக்க செட்பேக்கைத்தான் (கட்டடத்துக்கு முன்னாடி மனைக்குள்ள விடுற காலி இடம்) நடைபாதையா நினைச்சுக்கணும். காம்பவுண்ட் சுவர் வேண்டாம், தரையை ஒரே மட்டமா, சொரசொரப்பான கல்லில் போடச் சொல்லுங்க. கார் ஏறுற சரிவு முழுக்க உங்க மனைக்குள்ளேயே முடியணும்.

சைக்கிள்சாமி:
எல்லாரும் கடையைக் கண்டு ஏன் பயப்படுறீங்கன்னு தெரியலை. கொத்தமல்லிக்கட்டு வாங்கக்கூட பைக்கை எடுக்கிற ஊர் இது. வீட்டுக்குக் கீழேயே கடை இருந்தா அந்த பைக் ரோட்டுக்கே வராதே? 1931-ல் பீச்–தாம்பரம் மின்சார ரயில் வந்த பிறகு ஸ்டேஷனைச் சுத்தித்தான் இந்தப் பேட்டையெல்லாம் வளர்ந்தது, நடந்து போய் வண்டி பிடிக்கிற தூரத்தில். ஸ்டேஷன் பக்கத்தில் நாலு வீடு கூடுதலா கட்டாம, கூடுவாஞ்சேரி தாண்டிப் போய்க் கட்டினா அத்தனை பேரும் ஜிஎஸ்டி ரோட்டில்தானே வந்து நிப்பாங்க?

மூணாவதுமாடி:
சாமி சார், உங்க வீட்டுக்குக் கீழே வர்ற கடைக்கு நீங்க நடந்து போவீங்க. அடுத்த நாலு தெருக்காரங்க பைக்கில்தான் வருவாங்க. அதை எங்கே நிறுத்துவாங்கன்னுதான் கேக்கறேன்.

சேலையூர்க்காரன்:
அக்கா கேக்கறது நியாயம். எங்க கட்டடத்தில் மூணு வருஷத்துக்கு முன்னாடி இதே கதை. வீட்டுக்காரங்க கார் ஒரு தொந்தரவும் இல்லை, எல்லாம் ஸ்டில்ட்டுக்குள்ள போயிடுது. தலைவலி சரக்கு லாரிதான். காலையில் ஏழரைக்கு, ஸ்கூல் வேன் வர்ற அதே நேரத்தில், ரோட்டிலேயே நிறுத்தி பால் டிரே இறக்குவாங்க. வேன் டிரைவர் ஹாரனை விடவே மாட்டான். பிளானில் வாடிக்கையாளர் பார்க்கிங்னு காட்டின இடத்தில் இப்ப கடைக்காரர் தண்ணி கேன் அடுக்கி வெச்சிருக்கார், சங்கிலி போட்டு. கேட்டா, "பில்டர் எனக்குச் சேர்த்துத்தான் வித்தார்"ங்கிறார். கிரயப் பத்திரத்தைப் பார்த்தா நிஜமாவே அப்படித்தான் எழுதியிருக்கு!

அதனால கையெழுத்துக்கு முன்னாடி கடைகளோட கிரயப் பத்திர வரைவைக் கேட்டு வாங்குங்க. முன்பக்க செட்பேக்கும் வாடிக்கையாளர் பார்க்கிங்கும் பொது இடம், யாருக்கும் தனியா விக்க முடியாதுன்னு இருக்கணும். சரக்கு இறக்குறது மனைக்குள்ள, ஸ்கூல் நேரம் தவிர்த்து. நீங்க பில்டரோட போடுற கூட்டு ஒப்பந்தத்தில் மட்டும் எழுதினா போதாது, அது பில்டரோட முடிஞ்சுடும். கடை வாங்குறவர் பத்திரத்திலும் அதே வரி வரணும்.

மூணாவதுமாடி:
இது யாருமே சொல்லாத விஷயம், நன்றி தம்பி. ஞாயித்துக்கிழமை அசோசியேஷன் மீட்டிங்குக்கு பில்டரும் வர்றார், பத்திர வரைவைக் கையோட கொண்டு வரச் சொல்றேன். டிராயிங்போர்டு சார், செட்பேக்கைத் திறந்து விட்டா தெருவில் போற எல்லாரும் பைக்கை அங்கேயே நிறுத்த மாட்டாங்களா?

டிராயிங்போர்டு:
நிறுத்துவாங்க. ரோட்டு ஓரத்தில் நாலடிக்கு ஒரு குட்டைத் தூண் நடச் சொல்லுங்க, சக்கர நாற்காலி தாராளமா போகும். பைக்கும் நுழையும்தான், அதுக்கு வாட்ச்மேன்தான் கதி.