நீர்மூழ்கி அளவுக்கு மீறி ஆழம் போனால் டப்பென்று நசுங்குமா, மெதுவாக நிரம்புமா?

கானாடுகாத்தான்_எண்ணெய்க்கடை:
மகள் ஏழாவது படிக்கிறாள். நேற்று சாயங்காலம் வளவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் திடீரென்று, நீர்மூழ்கிக் கப்பல் ரொம்ப ஆழம் போய்விட்டால் என்ன ஆகும் என்றாள். நசுங்கிவிடும் என்றேன். உடனே அடுத்தது: ஒரு அளவு வரைக்கும் நன்றாக இருந்துவிட்டு ஒரு மீட்டர் கூடப் போனதும் டப்பென்று நசுங்குமா, இல்லை முதலில் ஒழுகி மெதுவாக நிரம்புமா, உள்ளே இருப்பவர்களுக்குக் காது அடைக்குமா. எனக்குக் கடைக் கணக்குக்கு மேல் தெரியாது. கடல் என்றால் தொண்டிக்கு மீன் வாங்கப் போவதோடு சரி. அவளுக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்கள்.

பிசிக்ஸ்_வாத்தியார்_காரைக்குடி:
காது அடைக்காது. உள்ளே இருக்கிற காற்று உங்கள் வளவில் இருக்கிற அதே அழுத்தத்தில்தான் இருக்கும், வெளிப் பாரம் மொத்தத்தையும் எஃகுச் சுவர் வாங்கிக்கொள்கிறது. எவ்வளவு பாரம் என்றால், 10 மீட்டர் இறங்க இறங்க ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் கிட்டத்தட்ட ஒரு கிலோ கூடும். உங்கள் வீட்டு ஆத்தங்குடிக் கல் எட்டுக்கு எட்டு அங்குலம் இருக்குமா? 300 மீட்டரில் அந்த ஒரு கல் அளவு இடத்தின் மேல் 12 டன். லோடு லாரியைத் தூக்கி ஒரே கல்லில் வைத்தது போல. கப்பலைச் சுற்றி எத்தனை கல் பதிக்கலாம் என்று மகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

தேவகோட்டை_முன்னாள்_கடற்படை:
தம்பி, நான் இருந்தது மேலே மிதக்கிற கப்பலில்தான், ஆனால் நீர்மூழ்கிக்காரர்களோடு ஒரே மெஸ்ஸில் வருடக்கணக்காகச் சாப்பிட்டிருக்கிறேன். புதிதாக வருகிற பையனுக்கு அவர்கள் காட்டுகிற வேடிக்கை ஒன்று உண்டு. மேலே இருக்கும்போதே இந்தச் சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு ஒரு நூலை விறைப்பாகக் கட்டிவிடுவார்கள். கீழே போகப் போக நூல் தொய்ந்து தொங்கும். கப்பலே சுருங்குகிறது! எஃகு முனகுகிற சத்தமும் கேட்குமாம்.

வேடிக்கையில் விஷயம் இருக்கிறது. சுருங்கினால் கப்பல் ஒதுக்குகிற தண்ணீர் குறையும், அதனால் மிதப்பும் குறையும், ஆக ஆழம் கூடக் கூடக் கப்பல் கனமாகிக்கொண்டே போகும். உள்ளே பிடித்து வைத்த தண்ணீரை வெளியே தள்ளித்தான் சமாளிக்க வேண்டும், அல்லது மோட்டார் வேகத்தில் மூக்கைத் தூக்கி ஏற வேண்டும். மோட்டார் நின்றால்? தொட்டித் தண்ணீரைக் காற்றால் ஊதி வெளியேற்றுவார்கள். மேலே ஒரு தொட்டியை முழுசாக நிரப்புகிற காற்று 300 மீட்டரில் அதில் முப்பதில் ஒரு பங்கைத்தான் நிரப்பும், இதை மறக்கக் கூடாது. நசுங்குவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம், திரும்பி வர வழியில்லாமல் போவது அதற்கு முன்பே நடந்துவிடுகிறது.

1963 ஏப்ரல் 10-இல் அமெரிக்காவின் அணு நீர்மூழ்கி த்ரெஷர் அப்படித்தான் போனது. ஆழ்முக்குளிப்புச் சோதனை, 129 பேர். குழாய் இணைப்பு ஒன்று விட்டுத் தண்ணீர் பீய்ச்சி, மின்சாரம் கெட்டு, அணு உலை நின்றிருக்க வேண்டும் என்று விசாரணையில் சொன்னார்கள். ஊதப் பார்த்தார்கள், காற்றுக் குழாயில் இருந்த ஈரம் உறைந்து அடைத்துக்கொண்டது என்பது அவர்கள் கணிப்பு. அப்புறம் அது தானாகவே இறங்கியது. சுமார் 400 மீட்டருக்கென்று கட்டிய கப்பல், துண்டு துண்டாகக் கிடந்தது சுமார் 2,500 மீட்டருக்கும் கீழே.

பள்ளத்தூரான்:
ஒழுகும் என்றால் வாளி வைத்துப் பிடிக்கிற ஒழுகல் என்று நினைத்துவிடாதீர்கள். 300 மீட்டரில் ஊசித்துளை வழியாக வருகிற தண்ணீர் மணிக்கு 270 கிலோமீட்டருக்கு மேல் வரும், துளை எங்கே என்று கூடத் தெரியாமல் அறை முழுக்கப் புகை மாதிரி நிற்கும். சரி, டைட்டானிக்கைப் பார்க்க ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் நசுங்கிய அந்த டைட்டன்? அதன் உடலைச் செய்த கார்பன் ஃபைபர் இரும்பை விட உறுதி என்கிறார்களே, அது ஏன் போனது?

பிசிக்ஸ்_வாத்தியார்_காரைக்குடி:
இழுத்தால் உறுதி. கிணற்றுக் கயிறு இரண்டு குடம் தண்ணீரைத் தூக்கும், அதே கயிற்றை நிமிர்த்தித் தள்ளிப் பாருங்கள். ஆழ்கடலில் இருப்பது முழுக்க அமுக்குகிற விசை. 2023 ஜூனில் ஐந்து பேரோடு போன அந்தக் கலம் அதற்கு முன் பல தடவை இறங்கி ஏறியிருந்தது, ஒவ்வொரு தடவையும் இழை அடுக்குகள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே வந்திருக்கின்றன. மகளின் "ஒரு மீட்டர்" கேள்விக்கும் இதுதான் பதில். கணக்கில் ஒரு ஆழம் இருக்கும், நிஜத்தில் அது வெல்டிங், துரு, பழைய சோர்வு எல்லாவற்றையும் பொறுத்தது, அதனால்தான் கணக்கில் வருகிற ஆழத்துக்கு ரொம்ப முன்பே எல்லை போட்டு நிற்கிறார்கள். ஆனால் எஃகு விட்டுக்கொடுக்கிற அந்த நொடியில் மெதுவாக நிரம்புவது என்பதே கிடையாது, உள்ளே இருப்பவருக்கு உணரக்கூட நேரம் இருக்காது. சென்னையில் கட்டுகிற ஆழ்கடல் ஆய்வுக் கலம் மத்ஸ்யா 6000-இல் ஆள் உட்காரும் பகுதியைப் பாருங்கள்: 2.1 மீட்டர் உருண்டை, 80 மில்லிமீட்டர் டைட்டானியம் கலவை. மூலையே இல்லாத வடிவம், பாரம் எல்லாப் பக்கமும் சமமாகப் பிரியும்.

கானாடுகாத்தான்_எண்ணெய்க்கடை:
எல்லோருக்கும் நன்றி. இன்று காலையில் தோட்டத்துக் கிணற்றில் ஒரு சோதனை செய்தோம். காலி லிட்டர் பாட்டிலை இறுக மூடி, அம்மிக் குழவியைக் கட்டி இறக்கினோம் (குழவி காணோம் என்று ஆச்சி இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்). மழை பெய்து 30 அடி தண்ணீர் நிற்கிறது. தூக்கியபோது பாட்டில் பழையபடி உப்பியிருந்தது, ஆனால் இடுப்பில் இரண்டு வெள்ளைக் கோடு, மடங்கின தடம். உள்ளே ஒரு ஸ்பூன் தண்ணீர், மூடிப் பக்கமாக வந்திருக்கிறது.

தேவகோட்டை_முன்னாள்_கடற்படை:
அந்த மூடிதான் த்ரெஷரின் குழாய் இணைப்பு என்று மகளிடம் சொல்லுங்கள்.

கானாடுகாத்தான்_எண்ணெய்க்கடை:
சொன்னேன் அண்ணே. அப்படியானால் மீன் ஏன் நசுங்கவில்லை என்கிறாள்.

பிசிக்ஸ்_வாத்தியார்_காரைக்குடி:
அடுத்த தடவை பாட்டில் நிறையத் தண்ணீர் ஊற்றி மூடி இறக்கச் சொல்லுங்கள். குழவிக்குப் பதில் செங்கல் போதும்.