கேமரா ரிவ்யூவை நம்பி வாங்கியவர்களே, உங்களுக்கு என்ன நடந்தது?

மண்டபத்து லென்ஸ்

போன ஆவணி முகூர்த்தத்தில் நடந்தது, இன்னும் மனசு ஆறவில்லை. கையில் புது மிரர்லெஸ் பாடி. எந்த ரிவ்யூவைப் பார்த்தாலும் ஒரே பாட்டுதான்: எலக்ட்ரானிக் ஷட்டரில், அதாவது உள்ளே எதுவும் அசையாமல் படம் எடுக்கும் முறையில், நொடிக்கு 20 படம், சத்தமே வராது, ஃபோகஸ் கண்ணை விட்டு நகராது. மூன்றும் உண்மை. அதை நான் மறுக்கவே இல்லை.

மேடைக்குப் பின்னால் பெரிய எல்ஈடி திரை, மேலே வரிசையாக எல்ஈடி லைட். கெட்டிமேளம் என்றதும் பட்டனை அழுத்திப் பிடித்தேன். அன்று ராத்திரி கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் பெண்ணின் நெற்றியில் தொடங்கி தாலி வரைக்கும் கோரைப்பாய் மாதிரி படுக்கைக் கோடுகள். கறுப்பு ஒன்று, வெளுப்பு ஒன்று. பெண்ணின் சித்தப்பா ஆல்பத்துக்குப் படம் பொறுக்க வந்தவர், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "தம்பி, இது ஏதாவது எஃபெக்டா?" என்று கேட்டார். நல்ல மனிதர், கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அந்த ஷட்டர், படம் பதிகிற சென்சாரை வரி வரியாகப் படிக்கும், எல்ஈடி விட்டு விட்டு எரியும், இரண்டும் மோதினால் கோடு விழும். இதைச் சொல்ல ஒரு ரிவ்யூவில் அரை நிமிடம் போதும். எல்லோரும் கடற்கரையில் மாடலை நிறுத்தி வெயிலில் எடுத்துவிட்டு 'கல்யாணத்துக்கு ஏற்றது' என்று முடித்துவிட்டார்கள்.

கூந்தன்குளம் நாரை

அண்ணே, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாதஸ்வரமும் தவிலும் முழங்குகிற இடத்தில் சத்தமில்லாத ஷட்டர் எதற்கு?

என் கதை ஜூம் கேமரா. யூடியூபில் ஒருவர் நிலாவை இழுத்து இழுத்துக் காட்டினாரே, பள்ளமெல்லாம் தெரியுமே, அந்த வீடியோவைப் பார்த்துத்தான் வாங்கினேன். கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வரும் வரித்தலை வாத்தை எடுக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. குளத்தின் அந்தக் கரையில் கூட்டமாக உட்கார்ந்திருந்தது. முழு ஜூம் போட்டேன். வாத்து தெரிகிறது, தலையும் தெரிகிறது, தலையில் இருக்கிற அந்த இரண்டு வரி மட்டும் இல்லை. எத்தனை எடுத்தாலும் சாம்பல் நிறத்தில் ஒரு கலங்கல். பக்கத்தில் நின்ற பையன் பைனாகுலரைக் கொடுத்தான். அதில் பளிச்சென்று இருந்தது. நிலாவுக்கு இருக்கிற மரியாதை வாத்துக்குக் கிடையாதா?

ஈரோட்டுக்காரன்

பெரிய கேமராவெல்லாம் இல்லை, ஒரு ஸ்பேர் பேட்டரிதான். 4.6 நட்சத்திரம், ஆயிரக்கணக்கில் ரிவ்யூ. பெட்டியைத் திறந்தால் பேட்டரிக்கு மேல் பளபள அட்டை: ஐந்து நட்சத்திரம் போட்டு ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸப்பில் அனுப்பினால் 150 ரூபாய். பேட்டரி விலையில் பாதி! பேட்டரியோ கேமராவில் அளவே காட்டவில்லை. முழுசா காலியா என்று தெரியாமல் ஓட்ட வேண்டியதுதான்.

அந்த அட்டையைப் படம் பிடித்து, இரண்டு நட்சத்திரம் போட்டு, விஷயத்தை எழுதினேன். 'விதிமுறைக்கு உட்படவில்லை' என்று பதில் வந்தது. சரி என்று பழைய ரிவ்யூக்களை அடிவரைக்கும் தள்ளிக்கொண்டே போனேன். ஆரம்பத்தில் எழுதிய ஒருவர் சொல்கிறார்: "கவர் போனுக்கு நன்றாகப் பொருந்துகிறது, என் மனைவிக்கும் கலர் பிடித்தது."

பேட்டரிக்கு.

பழைய நெகட்டிவ்

முதலில் நாரைக்கு. அது கேமராவின் குற்றம் இல்லை, காற்றின் குற்றம். வெயில் ஏறிய பிறகு தண்ணீருக்கு மேல் அத்தனை தூரம் காற்று அலையடிக்கும். லட்ச ரூபாய் லென்ஸும் அதையேதான் படம் பிடிக்கும். நிலா உயரத்தில் இருக்கிறது, ராத்திரிக் காற்று அவ்வளவு கொதிக்காது. இன்னொன்று, நிலாமேல் நேரடியாக வெயில் அடிக்கிறது, அது பிரகாசமான பொருள். நிக்கான் பி1000-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 3000 மி.மீ. வரை இழுக்கும், ஆனால் அந்த முனையில் வெளிச்சம் நுழையும் துளை எஃப்/8, அதாவது சின்னது, உள்ளே இருப்பது போனில் இருக்கிற மாதிரி குட்டி சென்சார். நிலாவுக்கு அது போதும். சாயங்காலம் நாணலுக்குள் நிற்கிற பறவைக்குப் போதாது. நிலா வீடியோ பொய் இல்லை, சுலபமான பரீட்சை.

ஈரோட்டுக்காரர் சொன்னதை வைத்து வாங்கியவர்கள் எழுதுவது எல்லாமே குப்பை என்று முடிவுகட்டாதீர்கள். நிக்கான் டி600 ஞாபகம் இருக்கிறதா? 2012-இல் வந்தது, விமர்சகர்கள் கொண்டாடினார்கள். கொஞ்ச நாளில் வாங்கியவர்கள் ஒவ்வொருவராக, சென்சாரில் புள்ளி புள்ளியாக விழுகிறது என்று எழுத ஆரம்பித்தார்கள். 2013 பிப்ரவரியில் கம்பெனியே அறிவிப்பு விட்டது, அக்டோபரில் புது ஷட்டரோடு டி610 வந்தது, 2014-இல் வாரண்டி முடிந்தவர்களுக்கும் இலவசமாகச் சரிசெய்து கொடுத்தார்கள். கேமராவைக் கொஞ்ச நாள் இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்கிறவர் கண்ணில் இது படாது. மாதக்கணக்கில் வைத்து அடிக்கிறவருக்குத்தான் தெரியும்.

ரிவ்யூ தளங்கள் போடும் மார்க் விஷயமும் அப்படித்தான். டிஎக்ஸ்ஓமார்க் என்ற சோதனைத் தளம் சென்சாருக்குப் போடும் மார்க், ரா ஃபைலை, அதாவது கேமரா மெருகேற்றாமல் சேமிக்கிற மூலப் பதிவை, அளந்து போடுவது. ஃபோகஸ் பிடிக்கிறதா, எல்ஈடியில் கோடு விழுகிறதா என்பதற்கு அதில் இடமே இல்லை. டிபிரிவ்யூ என்ற கேமரா ரிவ்யூ தளத்தின் ஸ்டுடியோ காட்சிதான் எனக்குப் பிடித்தது. எல்லா கேமராவுக்கும் ஒரே மேஜை, ஒரே பொம்மை, ஒரே நூல்கண்டு, ராவையும் இறக்கிக்கொள்ளலாம். யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், நம் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். 2007-இல் அதை வாங்கிய அமேசான் 2023 மார்ச்சில் மூடப்போவதாக அறிவித்தபோது எனக்குத் தூக்கம் போனது. நல்லவேளை, ஜூனில் வேறொருவர் எடுத்துக்கொண்டார்.

என் அனுபவம் சின்னது. கடைக்காரர் என் மெமரி கார்டை கேமராவில் போட விடவில்லை, நான் வாங்கவில்லை. அதனால் சொல்கிறேன்: வாங்கப் போகிறவர்கள் கார்டு கொண்டு போங்கள். கடையின் இருட்டு மூலையைப் பார்த்து ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 3200-இல் ஒன்று, 6400-இல் ஒன்று. செய்தித்தாளைச் சுவரில் நேராக ஒட்டி எடுத்து நான்கு மூலையும் ஒரே அளவு கூர்மையா பாருங்கள்; ஒரே மாடல் லென்ஸிலேயே ஒன்று நன்றாக இருக்கும், இன்னொன்று ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பழைய பாடி என்றால் துளையைச் சின்னதாக்கி எஃப்/22 வைத்து வெள்ளைச் சுவரை எடுங்கள், தூசி இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். ஷட்டர் எத்தனை அடித்திருக்கிறது என்று கேளுங்கள். பில்லில் இருக்கிற சீரியல் நம்பரும் பாடியில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். இந்திய வாரண்டி அட்டை இல்லாமல் 'இன்டர்நேஷனல் வாரண்டி' என்று சிரித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மண்டபத்து லென்ஸ்

சார், கடையில் எப்படிச் சோதிப்பது என்று இங்கே யாரும் கேட்கவில்லையே. எந்தக் கடைக்காரர் எனக்காக எல்ஈடி திரையைக் கட்டிவைத்துக் காட்டுவார்?

நாரை, சத்தத்துக்காக அந்த ஷட்டரைப் போடவில்லை. நொடிக்கு 20 அதில்தான் வரும், மெக்கானிக்கலில் பாதிகூட வராது. தாலி மூன்று முடிச்சு, அதற்குள் ஐயர் கை, நாத்தனார் கை, அட்சதை எல்லாம் குறுக்கே வரும். வேகம் வேண்டும். அதைச் சொல்லித்தானே விற்றார்கள்.

மலைசுற்றி

திருவண்ணாமலைப் பக்கம். நிலா பேச்சு வந்ததால் எழுதுகிறேன். பௌர்ணமி அன்று மாடியிலிருந்து போனில் எடுத்தேன். நிலா அப்படியே பாடப்புத்தகத்தில் பார்த்த மாதிரி, கறை கறையாக. அதே படத்தில் ராஜகோபுரத்துச் சிற்பம் ஒன்றுகூட உருவமாக இல்லை, எல்லாம் ஒன்றோடு ஒன்று கரைந்து கிடக்கிறது. நான்கு லட்சம் கிலோமீட்டருக்குச் சற்றுக் கிட்டே இருப்பது தெளிவு, நாலு தெரு தள்ளி இருப்பது கலங்கல். வீட்டுக்காரர் போனைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்துச் சிரித்தார். 2023-இல் ஒருவர் மங்கலாக்கிய நிலாப் படத்தை மானிட்டரில் போட்டு சாம்சங் போனால் எடுத்து, அதில் இல்லாத பள்ளத்தைப் போனே வரைந்ததைக் காட்டினாரே, அதைப் படித்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

அதனால் பழைய நெகட்டிவ் ஐயா, 'நம் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்' என்பதையும் முழுசாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. கம்பெனிக்காரர்கள் காட்டும் மாதிரிப் படம் இன்னும் மோசம். 2012-இல் லூமியா 920 விளம்பரத்தில், போனில் எடுத்தது என்று காட்டிய வீடியோவில் ஜன்னல் கண்ணாடியில் வேனும் உள்ளே பெரிய கேமராவோடு ஒரு ஆளும் தெரிந்தது, நோக்கியா மன்னிப்புக் கேட்டது. 2016-இல் ஹுவாவே பி9 போனுக்காகப் போட்ட படத்தின் ஃபைலில் பதிவான விவரத்தில் கேனான் 5டி மார்க் III என்ற பெரிய கேமராவின் பெயர் இருந்தது. கண்ணால் பார்த்தவர்கள் எல்லோரும் முதலில் நம்பத்தான் செய்தார்கள்.

பழைய நெகட்டிவ்

அது விளம்பரம் அம்மா, நான் சொன்னது ரா ஃபைல். இரண்டும் ஒன்றா?

மலைசுற்றி

போனில் ரா எடுக்கிறவர் எங்கள் தெருவில் யாரும் இல்லை ஐயா.

கூந்தன்குளம் நாரை

காற்றுதான் காரணம் என்றால் பைனாகுலரில் எப்படித் தெரிந்தது? அதற்கும் அதே காற்றுதானே?

பழைய நெகட்டிவ்

பைனாகுலர் எட்டு மடங்கு, பத்து மடங்கு. அலையையும் அவ்வளவுதான் பெரிதாக்கும். உங்கள் கேமரா அலையைச் சேர்த்து இழுத்துவிட்டது. காலையில் வெயில் ஏறும் முன் போய் பாதி ஜூமில் எடுத்துப் பாருங்கள்.

ஈரோட்டுக்காரன்

இப்போது போய்ப் பார்த்தேன். அதே பக்கத்தில் டார்ச் லைட் விற்கிறார்கள். நட்சத்திரம் 4.6 அப்படியே இருக்கிறது. போன் கவர்காரரும் இருக்கிறார்.

நுகர்வோர் பக்கம்

அந்த அட்டையை எறிந்துவிடாதீர்கள். பில், பெட்டி, உங்கள் ரிவ்யூவை மறுத்த மெயில் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு 1915-க்கு அடியுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். ஆன்லைன் ரிவ்யூவுக்கு என்றே ஐஎஸ் 19000 என்ற இந்தியத் தர நிர்ணயம் 2022 நவம்பரில் வந்தது, ஆனால் அது வந்தபோது கட்டாயம் இல்லை, விரும்பினால் பின்பற்றலாம் என்றுதான் வந்தது. அதை மட்டும் காட்டிப் பேசினால் எடுபடாது. பணம் கொடுத்து ரிவ்யூ கேட்டார்கள் என்பதை முதலில் சொல்லுங்கள், பேட்டரி அளவு காட்டாததை அப்புறம் சொல்லலாம். அட்டையில் வாட்ஸப் நம்பர் தெளிவாகத் தெரிகிறதா?

ஈரோட்டுக்காரன்

தெரிகிறது. கடைசி இரண்டு எண்ணில் மட்டும் டீ கொட்டியிருக்கிறது.